கேம்பரும் படகுமாக ஏரி விட்டு ஏரி போகிறோம்: படகைத் துடைத்தால் போதுமா?

அலைமகள் (கேள்வி):

வணக்கம். இந்தக் கோடையில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளுமாகக் கேம்பர் வேனில் கிளம்புகிறோம். வேனுக்குப் பின்னால் ட்ரெய்லரில் சின்ன அலுமினியப் படகு, அதில் ஒரு அவுட்போர்டு எஞ்சின். கூரைமேல் ஒரு கயாக். ஓர் ஏரிக்கரையில் ஓரிரு நாள் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் அடுத்த ஏரிக்குப் போவது என்று வரிசையாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நாங்கள் முதலில் போகப்போகும் பெரிய ஏரியில் ஸீப்ரா மட்டி என்ற, வேகமாகப் பரவி ஏரியைக் கெடுக்கும் சின்னச் சிப்பி இருக்கிறதாம். அதற்குப் பிறகு போகும் சின்ன ஏரிகளில் இன்னும் இல்லை. ஓர் ஏரியைக் கெடுத்தவர்கள் என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம். படகைக் கரையேற்றியதும் நன்றாகத் துடைத்துவிட்டால் போதுமா? வேறு என்ன செய்ய வேண்டும்? கேம்பரில் பாத்திரம் கழுவும் தண்ணீரை எங்கே விடுவது என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

துடுப்பு:

நாங்கள் பல வருடமாகப் படகை இழுத்துக்கொண்டு போகிறோம். படகை இறக்கி ஏற்றும் சரிவான ரேம்ப்பில் ஏறியதும் ஒரு துண்டால் துடைப்போம், ஒட்டியிருக்கும் களையைப் பிய்த்துப் போடுவோம், அவ்வளவுதான். பெரிய கப்பல்கள் செய்த வேலைக்கு நம் சின்னப் படகு என்ன செய்யும்? ரொம்ப யோசிக்காமல் போய் மகிழ்ச்சியாக இருந்துவிட்டு வாருங்கள்.

கரைக்காவல்:

அலைமகள், கிளம்பும் முன்பே இதைக் கேட்டீர்களே, அது பெரிய விஷயம். துடைப்பது நல்லதுதான். ஆனால் போதாது.

நான் கோடைக்காலத்தில் ஒரு படகுத்துறையில் தன்னார்வலராக நின்று, ஏரியில் இறங்க வரும் படகுகளைச் சோதிக்கிறேன். அங்கே நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: படகின் மேல் ஒட்டியிருப்பதைவிட, படகுக்குள் தங்கியிருக்கும் தண்ணீர்தான் அதிக ஆபத்து. பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்த படகாக இருக்கும். பின்பக்கம் அடியில் உள்ள டிரெய்ன் பிளக்கைத் திருகிக் கழற்றினால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அது முந்தைய ஏரியின் தண்ணீர். படகுக்காரருக்கே அது அங்கே இருந்தது தெரியாது.

ஸீப்ரா மட்டியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. பிறந்த பிறகு சில வாரங்கள் எதிலும் ஒட்டாமல் தண்ணீரில் மிதந்தபடியே திரியும். ஒரு பெண் மட்டி ஒரு வருடத்தில் பத்து லட்சம் முட்டை வரை இடும். அதனால் அந்த ஏரியில் கோடையில் மொண்ட ஒரு குவளைத் தண்ணீரிலும் குஞ்சுகள் இருக்க வாய்ப்பு உண்டு. துண்டு போட்டு வெளிப்பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் எஞ்சினுக்குள்ளும் மீன் போடும் தொட்டிக்குள்ளும் நிற்கும் தண்ணீரை அது தொடாது.

துடுப்பு சொன்ன கப்பல் கதை உண்மைதான். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து மட்டி இது. சரக்குக் கப்பல்கள் எடைக்காக ஏற்றி வந்து கொட்டும் தண்ணீரோடுதான் வட அமெரிக்காவுக்கு வந்தது. 1988-ல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்டுபிடித்தார்கள். 1990-க்குள் அந்தப் பக்கத்து ஐந்து பேரேரிகளிலும் (கிரேட் லேக்ஸ்) பரவிவிட்டது. ஆனால் அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு எந்தக் கப்பல் போனது? அதன் நெருங்கிய உறவான குவாகா மட்டி 2007 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கே உள்ள மீட் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அது பாலைவனத்துக்கு நடுவே அணை கட்டித் தேக்கிய நீர். பேரேரிகளிலிருந்து அங்கே வருவதற்கு நீர்வழியே கிடையாது. ட்ரெய்லரில் ஏறித் தார்ச்சாலை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

வந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தால்தான் இந்த மெனக்கெடலுக்கு அர்த்தம் புரியும். ஒரு மட்டி ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டும். கோடிக்கணக்கில் பெருகினால் ஏரி கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "ஏரி சுத்தமாகிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். தெளிந்த தண்ணீரில் மீன்குஞ்சுகளுக்கு இரை இல்லை. வெயில் ஆழம் வரை இறங்குவதால் களை மண்டும். நல்ல பாசியைத் தின்றுவிட்டு நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியை மட்டி வெளியே துப்பிவிடும். அதனால் நச்சுப்பாசிக்கு ஏரி இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. குழாய்களையும் அடைக்கும்: பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரிக்கரையில் மன்ரோ என்ற ஊரில் 1989 டிசம்பரில் குடிநீர் எடுக்கும் குழாயை இந்த மட்டிகள் அடைத்து, ஊருக்கே தண்ணீர் நின்றுபோனது.

ஒரு பெரிய ஏரியில் நிலைத்துவிட்ட பிறகு இவற்றை முழுதாக அழிக்க வழி இல்லை. வர்ஜீனியாவில் ஒரு குவாரிக் குட்டையில் 2006-ல் பொட்டாசியம் குளோரைடு கலந்து ஒழித்தார்கள். அது நாலாபக்கமும் மூடிய சின்னக் குட்டை. ஏரிக்கு அது நடக்காது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

படகு தண்ணீரை விட்டு ஏறியதும், ரேம்ப்பில் மற்றவர்களுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் மேலே சமதளத்தில் நிறுத்துங்கள். முன்பக்கம் உயர்ந்திருக்கட்டும். டிரெய்ன் பிளக்கைக் கழற்றுங்கள். அதைத் திரும்பப் போடாமல் கழற்றியபடியே சாலையில் ஓட்டுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது சட்டமே. அப்புறம் அவுட்போர்டை முழுக்கக் கீழே இறக்கி, நெட்டுக்குத்தாக நிற்க வையுங்கள். குளிரூட்டத்துக்கு உறிஞ்சிய தண்ணீர் அப்போதுதான் கீழ்ப்பகுதி வழியாக வடியும். எஞ்சினைத் தூக்கி வைத்தபடியே பூட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தண்ணீர் அப்படியே அடுத்த ஏரிக்குப் போய்விடுகிறது.

அடுத்து, வெறும் கையால் படகின் அடியைத் தடவிப் பாருங்கள். இதை நான் எல்லோருக்கும் செய்து காட்டுவேன். புதிதாக ஒட்டிய மட்டி கண்ணில் படாது, ஆனால் வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கும். எஞ்சின் இடுக்குகளில், ட்ரெய்லர் உருளைகளின் அடியில், தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் தடவிப் பாருங்கள். ப்ரொப்பெல்லர் தண்டில் சுற்றியிருக்கும் களையை ஒரு இழைகூட விடாமல் எடுங்கள். யூரேசிய மில்ஃபாயில் என்ற களையின் விரல் நீளத் துண்டு ஒன்றே வேர்பிடித்துத் தனிச்செடி ஆகிவிடும்.

கடைசியாகக் காயவைப்பது. உங்கள் பயணத் திட்டம் இடிப்பது இங்கேதான். நல்ல வெயில் இருந்தால் 5 நாள் காயவேண்டும் என்பது பல இடங்களில் சொல்லும் கணக்கு. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வளர்ந்த மட்டி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இன்று ஓர் ஏரி, நாளை இன்னோர் ஏரி என்றால் படகு காய்வதற்கு நேரமே இல்லை.

அதனால் என் யோசனை இது. உங்கள் பட்டியலைத் தலைகீழாக்குங்கள். மட்டி இல்லாத சின்ன ஏரிகளுக்கு முதலில் போங்கள், மட்டி இருக்கும் பெரிய ஏரியைக் கடைசியில் வையுங்கள். அங்கிருந்து வீட்டுக்குத்தான் வருவீர்கள். படகு வாசலில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காயலாம். சின்ன ஏரிகளுக்கு நடுவிலும் தண்ணீரை வடித்து, களையை எடுத்து, முடிந்த அளவு காயவைத்துத்தான் போக வேண்டும். எந்த ஏரியில் என்ன வந்திருக்கிறது என்பது பலகை வைத்த பிறகுதானே நமக்குத் தெரிகிறது.

அலைமகள்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஏரி கெட்டுப்போவதற்கும் எங்கள் பட்டியலின் வரிசைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஆனால் ஒரு சிக்கல். பெரிய ஏரியில் முகாம் இடத்துக்கு முன்பதிவு செய்துவிட்டோம், தேதியை மாற்ற முடியவில்லை. அதுதான் முதலில். அப்படியானால் என்ன செய்வது?

கரைக்காவல்:

அப்போது இரண்டு வழி இருக்கிறது.

எனக்குப் பிடித்தது, அந்த ஏரியில் உங்கள் படகை இறக்காமலே இருப்பது. பெரிய ஏரிகளில் வாடகைப் படகு கிடைக்கும். அது அந்த ஏரியிலேயே கிடக்கும் படகு, வேறெங்கும் போகாது. உங்கள் படகு காய்ந்தபடியே ட்ரெய்லரில் இருக்கட்டும்.

கட்டாயம் உங்கள் படகுதான் வேண்டும் என்றால், வெந்நீர் பீய்ச்சிக் கழுவும் நிலையம் வழியில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். 60 பாகை செல்சியஸ் வெந்நீர் மேலே பட்டால் மட்டி சில நொடிகளில் செத்துவிடும். படகு உடம்புக்கு அந்தச் சூடு போதும். ஆனால் தொட்டிகளிலும் சின்னப் பம்ப்புகளிலும் அதைவிடக் குறைந்த சூட்டில் கூடுதல் நேரம் ஓட விடுவார்கள், இல்லையென்றால் பம்ப் கெட்டுவிடும். பயிற்சி பெற்றவர்கள் செய்தால் நல்லது. கரையில் நின்று ப்ளீச் ஊற்றிக் கழுவ மட்டும் வேண்டாம். வடிந்து ஏரிக்குள்தான் போகும்.

சில இடங்களில் சோதனை முடிந்த படகையும் ட்ரெய்லரையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டி முத்திரை வைப்பார்கள். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் இந்த முறை உண்டு. முத்திரை அறுபடாமல் திரும்பி வந்தால், நடுவில் அந்தப் படகு வேறெங்கும் இறங்கவில்லை என்று தெரிந்துவிடும். கம்பியைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டியதில்லை. அடுத்தமுறை வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

துடுப்பு:

நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் வாத்து, நாரை எல்லாம் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் பறந்து போகின்றன. அவற்றின் காலிலும் இறகிலும் ஒட்டிக்கொண்டு போகாதா? பறவையைத் தடுக்க முடியாதபோது படகுக்காரர்களை மட்டும் நிறுத்திச் சோதிப்பது நியாயமா?

கரைக்காவல்:

நியாயமான கேள்வி, பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். பறவை ஒன்றிரண்டைச் சுமந்து போகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். பேரேரிகளைச் சுற்றி, படகே இறங்க வழியில்லாத குட்டைகளும் சின்ன ஏரிகளும் எத்தனையோ கிடக்கின்றன. வாத்துகள் தினமும் அங்கே போய் வருகின்றன. பறவைகள்தான் காரணம் என்றால் அவை எல்லாமே எப்போதோ மட்டியால் நிறைந்திருக்க வேண்டும். படகுத்துறை கட்டி, சாலை போட்டு, கூட்டம் வரும் ஏரிகள்தான் முதலில் மாட்டுகின்றன. பறவையின் காலில் ஒட்டுவது ஒரு துளி, அதுவும் பறக்கும்போது காய்ந்துபோகும். பலகைச் சறுக்குக்கு அலை எழுப்பும் படகுகளில் எடைத் தொட்டி இருக்கிறதே, அதில் நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும், பம்ப் போட்டு இறைத்த பிறகும் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அந்தத் தண்ணீர் நிழலில் குளுமையாக, குஞ்சுகளைக் காப்பாற்றி எடுத்துப் போகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் எதிர்பார்க்காதது. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் மீன்தொட்டிக்கு விற்ற பாசி உருண்டைகளுக்குள் உயிருள்ள ஸீப்ரா மட்டி இருந்தது. வீட்டுத் தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினால் அங்கிருந்தும் ஏரிக்குப் போகும். படகுக்காரர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நானும் படகு வைத்திருப்பவன்தான். ஏரி மேல் பிரியம் இருப்பதால்தான் அவர்கள் அங்கே வருகிறார்கள், அதனால்தான் அவர்களிடம் சொல்ல முடிகிறது.

சாலைவீடு:

பாத்திரம் கழுவும் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் கேம்பரிலேயே குடியிருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

கழிப்பறைத் தொட்டி, கழுவுநீர்த் தொட்டி இரண்டையுமே கழிவு இறக்கும் நிலையத்தில்தான் திறக்க வேண்டும். "வெறும் சோப்புத் தண்ணீர்தானே" என்று புதர் ஓரமாகத் திறந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எண்ணெய், உணவுத் துணுக்கு எல்லாம் இருக்கும். மழை பெய்தால் நேராக ஏரிக்குப் போய்ப் பாசிக்கு உரமாகும். "மண்ணில் மக்கும் சோப்பு" என்று புட்டியில் போட்டிருந்தாலும் அது மக்குவதற்கு மண் வேண்டும். தண்ணீரில் நேராகக் கலந்தால் மீனின் செவுளுக்குக் கெடுதல்தான். வெளியே கூடாரம் போட்டுக் கழுவும்போது கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய், துணுக்குகளை வடிகட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரைப் பரவலாகத் தெளித்து விடுங்கள். இதையும் அந்த முகாமில் அனுமதி இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கரைக்காவல் சொன்னதோடு சேர்த்து ஒன்று: ஏரித் தண்ணீரை மொண்டு கேம்பரின் தொட்டியில் நிரப்பாதீர்கள். கழிப்பறைக்குத்தானே என்று ஓர் ஏரியில் நிரப்பி, வழியில் மிச்சத்தைத் திறந்து விட்டால் படகைக் கழுவியது வீண்.

பசுங்காடு:

விறகையும் மறந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து விறகு கட்டி எடுத்துப் போகவே வேண்டாம், முகாமுக்குப் பக்கத்தில் வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத நிறத் துளைவண்டு 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. புழு பட்டைக்கு அடியில் இருப்பதால் விறகைப் பார்த்தால் தெரியாது. வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு, விறகோடு வண்டியில் ஏறினால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

அலைமகள்:

எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் காட்டினேன். பெரிய ஏரியில் வாடகைப் படகு என்று முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகளுக்குக் காற்றடைத்த ட்யூபில் உட்கார்ந்து படகுக்குப் பின்னால் இழுபட்டுப் போக ஆசை. சின்ன ஏரிகளில் அதைச் செய்யலாமா? தூண்டில், கயிறு, உயிர்காப்பு உடுப்பு, இதெல்லாமும் காய வேண்டுமா?

கரைக்காவல்:

ட்யூப் இழுக்கலாம், அந்த ஏரியில் அனுமதி இருந்தால். ஏரியின் நடு ஆழத்தில் இழுங்கள். ஆழமில்லாத இடத்தில் வேகமாகப் போனால் அடிச்சேறு கலங்கி, அதில் அடங்கிக் கிடக்கும் பாஸ்பரஸ் மேலே வந்து பாசிக்குத் தீனியாகும். கரைக்கு அருகே அலை அடித்தால் பறவைக் கூடுகளும் போகும். லூன் என்ற நீர்ப்பறவைக்குக் கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கும், நிலத்தில் சரியாக நடக்க வராது. அதனால் தண்ணீரை ஒட்டியே கூடு கட்டி, நான்கு வாரம் போல அடைகாக்கும். ஒரு பெரிய அலை போதும், முட்டை உருண்டு தண்ணீரில் விழுந்துவிடும். கரையோரம் ஒரு பறவை கழுத்தைத் தாழ்த்தித் தரையோடு படுத்திருந்தால் அது உங்களைப் பார்த்துப் பயந்திருக்கிறது. படகைத் திருப்பிவிடுங்கள்.

தூண்டில் கட்டும்போது ஈயக்குண்டு வேண்டாம். லூன் இரைப்பையில் அரைப்பதற்காகக் கூழாங்கல் விழுங்கும் பறவை. கல்லோடு ஒரு ஈயக்குண்டு சேர்ந்து போனாலே செத்துவிடும். தகரம், டங்ஸ்டன் குண்டுகள் கிடைக்கின்றன.

காய வேண்டியவை பற்றி: ஆமாம், எல்லாமே. முள்வால் நீர்ப்பூச்சி என்று ஒன்று இருக்கிறது, தூண்டில் நரம்பில் நீண்ட வாலால் கோத்துக்கொள்ளும். பல சேர்ந்தால் ஈரப்பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். அதைக் கையால் உருவி எடுத்துவிட்டு நரம்பைக் காயவையுங்கள். கயாக்கைக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டும் வடியும் வரை விடுங்கள். நங்கூரக் கயிற்றைச் சுருட்டி வைக்காமல் நீளமாகத் தொங்கவிடுங்கள், சுருளுக்குள் ஈரம் நிற்கும். ட்யூபின் காற்றை இறக்கும் முன் துடையுங்கள். பெரிய ஏரியில் பிள்ளைகள் நீந்தும்போது காலில் செருப்போ காலணியோ இருக்கட்டும், மட்டி ஓடு காலை அறுத்துவிடும். அந்தக் காலணியும் காய வேண்டும்.

படகு காய்ந்துவிட்டதா என்று தெரியாமல் நிற்கும்போது ட்ரெய்லரைப் பாருங்கள். படகைத் தாங்கும் மரச்சட்டங்களின் மேல் ஒரு கம்பளம் ஒட்டியிருப்பார்கள். வெயிலில் மற்றதெல்லாம் காய்ந்த பிறகும், படகு அழுத்திக்கொண்டிருக்கும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். அங்கே விரலை நுழைத்துப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் அடுத்த ஏரியில் இறக்குங்கள்.